செட்டாப் பாக்ஸில் 1080ஐ-யா, 1080பி-யா?

ஆர்.கே.பேட்டையில் புது எல்.இ.டி. டிவி வாங்கி, ஹெச்.டி. சேனலும் போட்டாயிற்று. ஆனாலும் கீழே செய்தி வரி ஓடும்போது எழுத்தின் விளிம்பு சீப்புப் பல்போலப் பிசிறுகிறதா? டிவியைக் குறை சொல்லும் முன் செட்டாப் பாக்ஸின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்.

நம் ஹெச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ முறையில் வருபவை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். தடவைக்கு 540 வரி, விநாடிக்கு 50 தடவை. 1080பி-யில் எல்லா வரியும் சேர்ந்தே வரும். எல்.இ.டி. திரை முழுப் படத்தைத்தான் காட்டும். ஆகவே பாதிகளைப் பாக்ஸோ டிவியோ ஒட்டியாக வேண்டும்.

எது நன்றாக ஒட்டுகிறது? கிரிக்கெட் ஓடும்போது இரண்டு செட்டிங்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். சினிமாவை வைத்துச் சோதிக்காதீர்கள். அதில் இரு பாதியும் பெரும்பாலும் ஒரே ஃப்ரேமிலிருந்து வருவதால் குறை தெரியாது. டிவி தரமானது என்றால் 1080ஐ-யிலேயே விடுங்கள், ஒட்டும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் இணைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண். அதில் 576ஐ-க்கு மேல் போகாது. டிவிடி பிளேயரின் 'புரோகிரசிவ்' வசதியும் அந்த ஒயரில் கிடைக்காது. முதலில் ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் வாங்குங்கள்.

2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவி இன்னும் ஓடுகிறதா? அந்தப் பிக்சர் டியூப் பாதிப் பாதியாக வரைவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு மஞ்சள் ஒயரே போதும்.