மனையில் வளரும் பாலைச் செடிகள்

தமிழ்நாட்டில் பல வீடுகளின் தலைவாயிலில் கற்றாழை ஒன்று தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். கண்ணேறு படாதிருக்க அதனைக் கட்டுவது வழக்கம். அவ்வழக்கின் பயன் யாதாயினும் ஆகுக. வேர் மண்ணில் படாமலும், நீர் வார்ப்பாரின்றியும் அச்செடி பல திங்கள் உயிரோடிருக்கின்றது. சில வேளைகளில் புதுக்குருத்தும் விடுகின்றது. அதே வீட்டின் கூடத்தில், அழகிய பீங்கான் தொட்டியில், நாள்தோறும் நீர் பெற்று வளரும் கற்றாழையோ ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடி அழுகிச் சாய்ந்துவிடுகின்றது. புறக்கணிக்கப்பட்டது வாழ, போற்றப்பட்டது மாள்வது ஏன்? இவ்வினாவுக்கு விடை அறிந்தவரே இத்தகைய செடிகளை வளர்க்க வல்லவர் ஆவர்.

இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகளைச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் என்பர். கற்றாழை தன் மடல்களில் நீரைச் சேமிக்கும். கள்ளி தண்டில் சேமிக்கும். வேலியில் படரும் பிரண்டை, பாறையிடுக்கில் தோன்றும் கள்ளிமுளையான், மருள் முதலியனவும் இவ்வகையினவே. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. வறட்சியை எதிர்த்து வாழும் முறையால் ஒன்றுபட்டவை. நம் முன்னோர் இவற்றை நன்கு அறிந்திருந்தனர். பாலை நிலத்தில் கள்ளிக்காய் வெடிக்கும் ஓசைக்கு இணைப்புறாக்கள் வெருவிப் பறக்கும் காட்சியைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் காட்டுகின்றார். அன்று பிரிவின் கொடுமையை உணர்த்த நின்ற செடி, இன்று மாடியிலும் சன்னலோரத்திலும் அழகுக்காக வைக்கப்படுகின்றது.

இச்செடிகளின் வாழ்க்கையில் வியத்தற்குரிய நுட்பம் ஒன்று உண்டு. ஏனைய செடிகள் பெரும்பாலும் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்கின்றன. துளை திறந்திருக்கும்பொழுது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி வெளியேறும். கடும்வெயிலில் இஃது எத்துணைப் பெரிய இழப்பு! பாலைச் செடிகள் பல இவ்விழப்புக்கு உடன்படுவதில்லை. அவை பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, இரவில் காற்றுக் குளிர்ந்த பின்னரே திறக்கின்றன. இரவில் வாங்கிய வாயுவைப் புளிப்பான அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. பொழுது விடிந்ததும் அவ்வமிலத்திலிருந்து வாயுவை மீட்டு, கதிரவன் ஒளியின் துணையால் உணவாக்கிக்கொள்கின்றன.

இந்நுட்பத்தின் அடையாளத்தைத் தெளிவாக எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர், சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் ஹைன் என்னும் செருமானிய அறிஞர். அவருடைய ஆய்வுக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, நாவே போதுமாயிருந்தது. இரணகள்ளியின் இலையை அவர் விடியலில் மென்று பார்த்தார், கடும்புளிப்பாயிருந்தது. நண்பகலில் மென்றார், சுவையே இல்லை. மாலையில் சிறிது கசந்தது. இதனை விளக்கி 1813ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதம், 1815ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. புளிப்பு இரவில் ஏறிப் பகலில் இறங்குவதன் காரணம் முழுதும் விளங்க, அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சிறுவர் பெயரிட்டு, இலையைப் புத்தகத்துள் வைத்து விளையாடும் எளிய செடிக்குள் இத்துணைச் செய்தி அடங்கியிருந்தது.

இரவில் துளை திறப்பதைக் கொண்டு, இச்செடிகள் இரவெல்லாம் உயிர்வளியைப் பொழிந்து அறையைத் தூய்மை செய்யும் என்று விற்போர் கூறுவதுண்டு. அது பொருந்தாது. செடியில் உயிர்வளி உண்டாவது ஒளியுள்ளபொழுதுதான். ஒன்றிரண்டு தொட்டிகளால் ஓர் அறையின் காற்று மாறிவிடாது. இவற்றின் அழகே இவற்றை வளர்ப்பதற்குப் போதிய காரணம், பொய்ப்புகழ் வேண்டுவதில்லை.

செடி வாங்கப் புகுவோர் முதலில் ஆராய வேண்டியது செடியையன்று, தம் வீட்டையே. எவ்விடத்தில் எத்துணை நேரம் வெயில் படுகின்றது என்பதைக் கண்ட பின்னரே செடியைத் தேர்தல் வேண்டும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் மாடியாயின் கள்ளி வகைகளும், பாலைவன ரோஜா எனப்படும் அடீனியமும் செழிக்கும். சன்னலோரத்து மெல்லொளி மட்டுமே உண்டாயின் மருளின் இனமும், ஹவோர்த்தியா என்னும் சிறு செடியும் ஏற்றவை. ஆங்கிலப் பெயரிட்டு மிகுந்த விலைக்கு விற்கப்படும் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்பது மருளின் உறவே. வில்லுக்கு நாண் திரிக்க நார் தந்த மருளை ஊர்ப்புறத்தில் கண்டும் காணாமற் போகின்றவர், அதன் உறவினத்தை நகரத்துக் கடையில் வியந்து வாங்குவது நகைப்புக்குரியது.

கடையில் கண் ஏமாறாதிருத்தல் வேண்டும். சில இடங்களில் முட்செடியின் உச்சியில் உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டி, பூத்த செடி என விற்கின்றனர். பச்சைத் தண்டின்மேல் செந்நிறப் பந்துபோல் அமர்ந்திருக்கும் செடியோ, உண்மையில் இரு செடிகள். மேலுள்ள பந்துக்குப் பச்சையம் இல்லாமையால் தானே உணவு சமைக்க இயலாது. ஒட்டுக் கட்டப்பட்ட கீழ்ச்செடியின் உழைப்பால் அது சில ஆண்டுகள் வாழும். இதனை அறிந்து வாங்குவதில் குற்றமில்லை.

முள்ளுடையன எல்லாம் ஓரினம் என எண்ணுவதும் தவறு. காக்டஸ் குடும்பத்துச் செடிகள் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அவற்றின் முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து கிளைக்கும். நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பத்தவை. அவற்றில் பால் உண்டு. அப்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும் ஆதலின், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கள்ளியை எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். கடல் கடந்த இரு நிலங்களில், உறவில்லாத இரு குடிகளுக்கு வறட்சி ஒன்றே ஒத்த வடிவைத் தந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

சப்பாத்திக்கள்ளியை நம் நாட்டுச் செடி என்றே பலரும் கருதுவர். அஃது அமெரிக்காவிலிருந்து வந்ததாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்க்கக் கருதி, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் இவ்வினச் செடிகளுக்கெனத் தோட்டம் அமைத்தார். வேலிக்கெனவும் மக்கள் இவற்றை நட்டனர். நாளடைவில் சப்பாத்திக்கள்ளி வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்தையும் தரிசையும் கவர்ந்துகொண்டது. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட ஒருவகைச் சாயப்பூச்சியே அதனை உண்டு அடக்கியது. ஆதலின், வீட்டில் வளர்க்கும் அயல்நாட்டுச் செடியைக் கழிக்கும்பொழுது, அதன் துண்டுகளைப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் எறிதல் கூடாது. ஒரு துண்டே ஒரு புதராதற்குப் போதும்.

இனி, வளர்க்கும் முறை. தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. பளபளப்பான பீங்கானைவிடச் சுட்ட மண்தொட்டி சிறந்தது. அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறும். தொட்டி செடியைவிட மிகப் பெரிதாயிருத்தலும் கேடே. வேர் உறிஞ்சாத ஈரம் மண்ணிலேயே தங்கிவிடும். செம்மண் ஒரு பங்கு, பருமணலோ செங்கல் நொறுக்கோ ஒரு பங்கு, மட்கிய இலையுரம் அதனினும் சிறிது குறைவு எனக் கலத்தல் போதும். களிமண் ஆகாது.

நீர் வார்ப்பதில்தான் பெரும்பாலோர் பிழை செய்கின்றனர். செடி வாடியிருக்கக் கண்டால் நீர் வார்ப்பது மனித இயல்பு. ஆயின், இச்செடிகள் நீர் மிகுந்தபொழுதும் வாடியவைபோலவே தோன்றும். வேரைச் சுற்றிய மண்ணின் நுண்வெளிகளில் காற்று நிற்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்ச மாட்டாது, இலை துவளும். அதனைக் கண்டு இரங்கி மேலும் நீர் வார்ப்பவர், தம் அன்பினாலேயே செடியைக் கொல்கின்றார். வேறுபாட்டை இலையைத் தொட்டு அறியலாம். தாகத்தால் வாடிய இலை சுருங்கி, மடிந்து, உலர்ந்திருக்கும். நீர் மிகுந்து கெட்ட இலை மஞ்சள் நிறமாய், பளிங்குபோல் ஒளி ஊடுருவுவதாய், அழுத்தினால் குழைவதாய் இருக்கும். ஐயமுண்டாயின் மெல்லிய மூங்கிற் குச்சியை மண்ணில் அடிவரை செருகி எடுத்துப் பார்த்தல் வேண்டும். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் அளவு ஒருமுறை நன்றாக வார்த்துவிட்டு, மீண்டும் உலரும் வரை காத்திருத்தல் வேண்டும். நாளுக்கு ஒரு கரண்டியாக வார்ப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரை ஏமாற்றுவதாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளை மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுதல் நன்று.

ஒளி குறைந்த இடத்தில் வைத்த செடி, கணுவுக்குக் கணு நீண்டு, வெளிறி, ஒளி வரும் திசையை நோக்கிச் சாயும். அதனை வளர்ச்சி எனக் கொண்டு மகிழ்வோர் உண்டு, அஃது ஒளிப்பசி. எனினும், அத்தகைய செடியை ஒரே நாளில் கடும்வெயிலுக்குக் கொண்டுசென்றால் மேனி வெந்து தழும்பாகும். காலை வெயிலில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தோன்றினால், ஈரத் துணியால் துடைத்துச் செடியைத் தனியே வைத்தல் வேண்டும்.

அழகுபடுத்துவதில் செலவைவிட நிதானமே தேவை. பித்தளைச் செம்பு, மரக்கால், பழைய அண்டா முதலியவற்றில் செடி வைக்க விரும்புவோர், அவற்றில் நேரே மண் நிரப்பலாகாது. செடியை மண்தொட்டியில் நட்டு, அதனை உள்ளே இறக்கி வைத்து, நீர் வார்க்கும்பொழுது வெளியே எடுத்துக்கொள்ளல் வேண்டும். கண்ணுக்குத் துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை சிறு செடிக்கு நல்ல வீடு. மூடிய கண்ணாடிப் பேழை பாசிக்கும் பெரணிக்கும் உரியது. பாலைச் செடிக்கு அது சிறை. ஒரே தட்டில் பல செடிகளை நடுவதாயின், ஒத்த வெயிலும் ஒத்த நீரும் வேண்டுவனவற்றையே சேர்த்தல் வேண்டும். சாம்பல் பூத்த மடல் ஒன்றின் அருகே கரும்பச்சைச் செடி ஒன்று, இடையில் சிறிது வெற்றிடம், மண்ணின்மேல் ஆற்றுக் கூழாங்கல் சில, இவ்வளவே போதும். வண்ணம் பூசிய கற்களும் பொம்மைகளும் நிறைத்தால் செடி மறைந்துபோகும்.

வளர்ந்த செடியிலிருந்து புதுச்செடி உண்டாக்குதலும் எளிதே. கற்றாழையின் அடியில் தோன்றும் கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். கிளையை வெட்டி நடுவதாயின், வெட்டிய உடனே மண்ணில் ஊன்றுதல் தவறு; ஈரக்காயத்தின் வழியே அழுகல் புகும். நிழலில் ஒரு வாரம் கிடத்தினால் வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும். அதன்பின் உலர்ந்த மண்ணில் ஊன்றி, சில நாள் கழித்தே முதல் நீர் வார்த்தல் வேண்டும். இரணகள்ளிக்கோ இவ்வளவும் வேண்டா. அதன் இலையை ஈரமண்ணின்மேல் கிடத்தினாலே போதும். சில வாரங்களில் விளிம்பின் பள்ளந்தோறும் வேரும் தளிருமாகச் சிறு கன்றுகள் எழும். இலையோ தன் நீரையெல்லாம் அவற்றுக்கு அளித்துச் சுருங்கிவிடும். ஒரே இலையில் எழுந்த கன்றுகளை வகுப்பில் உள்ளோர் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.