காசுக்குப் பல் முளைத்த கதை

ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறி வாங்கினால், “பன்னிரண்டு வெள்ளி,” என்கிறார் கடைக்காரர். நம் நாட்டுப் பணத்தின் பெயர் ‘ரிங்கிட்’. தமிழர்களாகிய நாம் அதை ‘வெள்ளி’ என்கிறோம். இன்றைய பணத்தில் வெள்ளி சிறிதும் இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்?

இதற்கான விடை என் தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது. பழங்காசுகளைச் சேகரிப்பது அவரது பொழுதுபோக்கு. ஒருநாள், கறுத்துக் கோணல்மாணலாக இருந்த ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தார்.

“தாத்தா, புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா?” என்றேன்.

“வேண்டாம் கண்ணு. தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து தேய்ந்துவிடும். இது சம்மட்டியால் அடித்த ஸ்பானியக் காசு,” என்றார்.

இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் 1545ஆம் ஆண்டு வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானியர்கள் வெள்ளித் துண்டை ஓர் அச்சின்மேல் வைத்தனர். மற்றோர் அச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். எடை கூடினால் ஓரத்தை வெட்டிச் சரிசெய்தனர். அதனால், ஒரு காசு இன்னொரு காசைப்போல் இருக்காது.

தாத்தா அக்காசைத் தராசில் வைத்தார். ஏறக்குறைய 27 கிராம் இருக்க வேண்டிய காசு, 24 கிராம்தான் இருந்தது.

“பலர் கைபட்டுத் தேய்ந்தது கொஞ்சம், யாரோ வெட்டித் திருடியது மீதி. காசு முன்பே கோணலாக இருந்ததால், திருட்டு கண்ணுக்குத் தெரியவில்லை,” என்றார்.

திருடியது கடுகளவு வெள்ளிதான். ஆனால், அதனால் எல்லாக் காசுகளும் சந்தேகத்திற்கு ஆளாயின. வணிகர்கள் காசை எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கினர். இங்கிலாந்தில் காசின் ஓரத்தை வெட்டியவருக்கு மரண தண்டனைகூட விதிக்கப்பட்டது. ஆயினும், திருட்டு நிற்கவில்லை.

தண்டனையால் முடியாததை இயந்திரம் செய்தது. வட்டமாகக் காசடித்து, விளிம்பிலும் வேலைப்பாடு பதித்தனர். ஓரத்தை வெட்டினால் உடனே தெரிந்துவிடும். இங்கிலாந்து 1662இலும், மெக்சிகோவின் நாணயச்சாலை 1732இலும் இம்முறைக்கு மாறின.

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கியபோது, இப்பகுதியில் ஸ்பானிய வெள்ளிக்காசு புழங்கியது. காட்டைத் திருத்த ஆள்களை ஊக்குவிப்பதற்காக, அவர் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்ற செவிவழிக் கதையும் உண்டு.

மலாய்மொழியில் ‘ரிங்கிட்’ என்றால் ‘பல் பல்லான விளிம்புடையது’ என்று பொருள். 1975இல் அதுவே நம் பணத்தின் அதிகாரப்பூர்வப் பெயரானது. மலாய்க்காரர்கள் காசின் விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டனர். தமிழர்கள் அதன் உலோகத்தைப் பார்த்துப் பெயரிட்டனர்.

“எடை குறைந்த காசை ஏன் பாதுகாக்கிறீர்கள், தாத்தா?”

“தமிழில் காசுக்கு ‘நாணயம்’ என்றும் பெயர், நேர்மைக்கும் அதே பெயர்தான். இந்தக் காசு ஒன்றை இழந்ததால் மற்றொன்றையும் இழந்தது. அதை நினைவில் வைக்கத்தான்.”

நான் காசைத் தேய்க்காமல் பெட்டியில் வைத்தேன். பிறகு, என் பையிலிருந்த பத்துக்காசின் விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தேன். பற்கள் இருந்தன.