எலும்பு கூடியும் எழாத கை

காறை எலும்பு கூடிவிட்டதென எக்ஸ்ரே காட்டுகிறது. தோளின் வீக்கமும் வடிந்துவிட்டது. ஆயினும் கை தளர்ந்து தொங்குகிறது. ஒரு கவளச் சோற்றை வாய்வரை உயர்த்த இயலவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு இரவுப் பணிக்கு இருசக்கர வாகனத்தில் சென்று வருவோர் விபத்துக்குப் பின் இந்நிலையில் எம்மிடம் வருவதுண்டு. "கட்டில் கிடந்த கைதானே, நாளடைவில் சரியாகிவிடும்" என்று வீட்டார் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் ஆகிறது. வேறு சிலருக்கோ அந்தக் காத்திருப்பே கையை முடக்கிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையில் உள்ள புயநரம்புப் பின்னலை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோமே, அது நரம்பன்று; இரத்தக் குழாய். இங்கே நாம் பேசுவது, மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்வை மூளைக்கும் கொண்டுசெல்லும் இழைகளைப் பற்றி.

கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் ஐந்து முதல் எட்டு வரையிலான நரம்பு வேர்களும், மார்புப் பகுதியின் முதல் வேரும் சேர்ந்து இப்பின்னலை உருவாக்குகின்றன. ஐந்து வேர்கள் கூடி மூன்று தண்டுகளாகின்றன. தண்டு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது; அந்த ஆறு பிரிவுகளும் காறை எலும்பின் பின்னே சென்று, அக்குளின் பெரிய தமனியைச் சுற்றி மூன்று வடங்களாக மீண்டும் இணைகின்றன. அவற்றிலிருந்து கைக்குரிய ஐந்து முக்கிய நரம்புகள் கிளைக்கின்றன.

இவ்வட்டாரத்தில் கார்களுக்கான ஒயரிங் தொகுப்பைக் கையாளும் தொழிலாளர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒயர் அறுந்தால் புதியதை மாற்றிவிடலாம். நரம்பிழை அறுந்தாலோ, அறுந்த இடத்துக்குக் கீழுள்ள பகுதி அழிந்துபோகிறது. வெற்று உறை மட்டுமே எஞ்சுகிறது. மேற்பகுதியிலிருந்து புது இழை அவ்வுறைக்குள் மெல்ல வளர்ந்து வர வேண்டும்.

எந்த அசைவு போயிற்று என்பதே எந்த வேர் பழுதுற்றது என்பதைச் சொல்லிவிடும். வண்டியிலிருந்து எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது, தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபட்டு மேல் வேர்கள் கிழிகின்றன. அப்போது தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் முடியாது. விரல்கள் மட்டும் நன்றாக அசையும். விரல்கள் அசைவதைக் கண்டு "நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்துவிடக் கூடாது. இதற்கு மாறாக, இயந்திரத்தில் சிக்கிய கை மேல்நோக்கி இழுபட்டால் கீழ் வேர்கள் பழுதுறும். தோள் உயரும், பிடி போய்விடும். அத்துடன் அதே பக்கத்து இமை சற்றுத் தாழ்ந்து கண்மணியும் சிறுத்திருந்தால், வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம். அவ்வாறு பிடுங்கப்பட்ட வேர் தானாக வளர்ந்து கூடுவதில்லை. உணர்வற்ற கையில் நெருப்பாய் எரியும் வலியும் இதனால் வரும். நோயாளி மிகைப்படுத்துகிறார் என எண்ண வேண்டாம்; அந்த வலிக்கெனத் தனி மருந்துகள் உள்ளன.

இனிக் காலக் கணக்குக்கு வருவோம். புது இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கைவரை 70 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 700 நாள்கள் ஆகும். ஆனால் நரம்புத் தொடர்பற்ற தசை அவ்வளவு காலம் காத்திராது. 12 முதல் 18 மாதங்களுக்குள் இழையை ஏற்கும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடும். ஆகவே, தானாக மீளும் அறிகுறி தென்படாதபோது, விபத்து நிகழ்ந்த 3 முதல் 6 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நலம். நரம்பு மின்பரிசோதனை சுமார் மூன்று வாரங்களுக்குப் பின்னரே தெளிவான விடை தரும். முதல் நாளிலேயே அது செய்யப்படவில்லையே என வருந்த வேண்டாம். மூன்றாம் மாதம் வரை செய்யாமல் விட்டால் வருந்தலாம்.

தொலைவைக் குறைக்கவும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஒபர்லின் 1994இல் வெளியிட்ட முறையில், நன்றாக இயங்கும் விரல் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றை மட்டும் எடுக்கப்பட்டு, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு மேற்கையிலேயே இணைக்கப்படுகிறது. இழை வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகக் குறைகிறது. பிடியின் வலிமையும் பொதுவாகக் கெடுவதில்லை. தாமதமாக வந்தோருக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைக்கலாம். 1940களின் இறுதியில் வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குச் செய்து காட்டியது இவ்வகைச் சிகிச்சையே. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கோவை கங்கா மருத்துவமனையிலும் கை அறுவை சிகிச்சைக்குத் தனித் துறைகள் இயங்குகின்றன. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளியதாயினும் நாள்தோறும் தவறாமல் செய்யப்பட வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகிய மூட்டுகளை, இயன்முறை மருத்துவர் காட்டியபடி நீங்களே மெல்ல அசைத்துவிடுங்கள். இறுகிய மூட்டுக்குப் புது நரம்பு வந்தும் பயனில்லை. உணர்வற்ற கைக்கு அடுப்புச் சூடும் வெந்நீரும் தெரியாது. குளிக்கும் நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்பழக்கத்தை விட வேண்டும்.

காலுக்கும் இத்தகைய பின்னல்கள் உண்டு. இடுப்புப் பின்னலின் தொடை நரம்பு முழங்காலை நீட்டுகிறது. அதன் கீழுள்ள திருவெலும்புப் பின்னலிலிருந்து உடலின் மிகத் தடித்த நரம்பு பிட்டத்தின் வழியே இறங்குகிறது. இப்பின்னல்கள் உடலினுள் ஆழத்தில் இருப்பதால் கைப்பின்னலைப் போல எளிதில் கிழிவதில்லை. ஆனால் அத்தடித்த நரம்பின் ஒரு கிளை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே வளைந்து செல்கிறது. இறுக்கமான மாவுக்கட்டு அவ்விடத்தை அழுத்தினாலே பாதம் தொங்கிவிடும். காலில் கட்டுடன் வீடு திரும்பியவரிடம் காலையும் மாலையும் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நேற்று தூக்கிய விரல் இன்று தூக்கவில்லையெனில், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.