பெல்ட்டா, ஆபரேஷனா, எண்ணெய்த் தடவலா?

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலம் மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்ப்பவர்களிடம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களில் பள்ளிக்கூடப் பையன்களும் உண்டு. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த பெண்பிள்ளைகளை வீட்டோடு வைத்துத் தடவுகிறார்கள். எந்த வைத்தியம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆச்சி. தென்காசியில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கதை.

வளைவை எக்ஸ்ரேயில் ‘காப் கோணம்’ என்ற அளவில் அளக்கிறார்கள். 25 டிகிரிக்குள் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் 40, 45 வரை, வளர்ச்சி மிச்சமிருந்தால் பெல்ட், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் பிரேஸ். 50ஐத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு. அவ்வளவு பெரிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு டிகிரி கூடும். இதை எந்த எலும்பு டாக்டரும் சொல்லிவிடுவார்.

தடவலைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. எண்ணெயில் குற்றமில்லை, ஐந்தருவிக்குப் போனால் நானும் தேய்த்துக்கொள்வேன். தசை இளகும், வலி குறையும். ஆனால் இந்த நோயில் முள்ளெலும்புகள் சாய்வதோடு திருகவும் செய்கின்றன. விலா எலும்பும் கூடவே பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. குனியச் சொன்னால் முதுகில் ஒரு பக்கம் மேடு தெரிவது அதனால்தான். அந்த மேட்டை எந்தக் கையாலும் அழுத்தி உள்ளே அனுப்ப முடியாது.

"பத்து டிகிரி குறைஞ்சிருக்கு சார்" என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கிப் பார்த்தால் முதல் படம் நிற்கவைத்து எடுத்தது, இரண்டாவது படுக்கவைத்து எடுத்தது. படுத்தால் வளைவு குறைந்துதான் தெரியும். ஒரே மாதிரி எடுத்த படங்களிலும் அளப்பதில் 5 டிகிரி முன்னே பின்னே வரும்.

காசு போனால் போகட்டும், காலம் போகிறதே! பெண்பிள்ளை வயசுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் மடமடவென்று வளர்கிறாள். வளைவும் அப்போதுதான் வேகமெடுக்கிறது. அந்த ஓரிரு வருடத்தைத் தடவலுக்குக் கொடுத்தால், 30 டிகிரியில் பெல்ட் போட வேண்டியவள் 50ஐத் தாண்டி ஆபரேஷனுக்கு வந்து நிற்கிறாள்.

என்னைக் கேட்டால் பெல்ட்டுக்குத்தான் என் ஓட்டு. அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50ஐ எட்டவில்லை. போடாதவர்களில் 48 சதவீதம். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரமாவது பெல்ட் போட்டவர்களில் இது 90 சதவீதத்தைத் தாண்டியது. சித்திரை வெயிலில் யூனிஃபார்முக்குள் அதை மாட்டிக்கொண்டு போவது லேசான காரியமில்லை. உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஆபரேஷன் என்றதும் "கால் விளங்காமப் போயிரும்" என்பார்கள். திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளைச் சேர்க்கும்போதே நரம்பு வேலை செய்கிறதா என்று கருவி காட்டிக்கொண்டிருக்கும். நல்ல மையங்களில் நரம்புப் பாதிப்பு அபூர்வம். சில நாளில் நடக்கவைத்துவிடுவார்கள். சேர்த்த இடம் அப்புறம் வளையாது. பரதம் ஆடுகிறவளுக்கு இதை முன்பே சொல்லிவிட வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கும், முள்ளெலும்புகளைச் சேர்க்காமல் கயிறு கட்டி இழுக்கும் முறைக்கு அமெரிக்கா 2019இல்தான் அனுமதி கொடுத்தது. வளர்ச்சி மிச்சமுள்ள சிலருக்கே அது சரிப்படும். கயிறு அறுந்துபோவதும் உண்டு.

பிள்ளையின் சுபாவத்தையும் பாருங்கள். பெல்ட்டைத் தாங்கும் பொறுமை அவளுக்குத்தான் வேண்டும், உங்களுக்கு அல்ல. பிளஸ் டூ முடியட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போடாமல் அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். மேடு தெரிந்தால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், நிற்கவைத்து முழு முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெரிய வளைவு என்றால் கோவை கங்கா, வேலூர் சி.எம்.சி. இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய எக்ஸ்ரேக்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.