குழந்தைகள் காப்பகத்தின் தரத்தை அறிவது எப்படி?

நிறுவனங்களின் வைப்புத் திட்டத்தில் பணம் இடுமுன், அந்நிறுவனத்தின் தரக்குறியீடு என்ன என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நல்ல வழக்கம். ஆயினும், கைக்குழந்தையைப் பகல் முழுவதும் ஒப்படைக்க வேண்டிய காப்பகத்தை மட்டும், சுவரோவியத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் பார்த்தே பலர் தேர்ந்தெடுக்கின்றனர்.

மைசூருவில் எங்கள் சக அலுவலர் ஒருவரும் அவ்வாறே செய்தார். சேர்க்கைக்காகக் காலையில் சென்றபோது அங்குப் பணியாளர் மூவர் இருந்தனர். பின்னொரு நாள் நண்பகலில் முன்னறிவிப்பின்றிச் சென்றார். உதவியாளர் ஒருவர் மட்டும் பதினாறு குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய குழந்தை ஈர உடையுடன் அழுது ஓய்ந்திருந்தது.

தரமதிப்பீடு என்பது யாது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் 1998இல் காப்பகங்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கத் தொடங்கியது. நட்சத்திரம் கூடினால் அரசு தரும் உதவித்தொகையும் கூடும். ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நடைமுறையிலுள்ள தேசியத் தரநெறி, கல்வித் திட்டம், உடல்நலமும் பாதுகாப்பும், இடவசதி, பணியாளர் அமைப்பு, குழந்தைகளுடனான உறவு, பெற்றோருடனான ஒத்துழைப்பு, நிர்வாகம் என ஏழு துறைகளை ஆராய்கிறது. ஏழில் ஒன்று குறைந்தாலும் மொத்த மதிப்பீடு குறைந்துவிடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதுமன்றோ? பாதுகாப்பில் உள்ள குறையை அழகிய கட்டடம் ஈடுசெய்ய இயலாது. அம்மதிப்பீட்டை ஒவ்வொரு மையமும் பெற்றோர் காணுமாறு வைத்தல் வேண்டும்.

நம் நாட்டின் நிலை

குழந்தை நலப் பணியில் நம் மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், கர்நாடகத்தில் முதன்முதலாக டி. நரசீபுராவில்தான் கால்கொண்டது. பின்னர், 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியது. தாய் நாள்தோறும் நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கவும் உரிமை அளித்தது.

இதையொட்டி மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரும், உடன் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கின்றன. குழந்தை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் தேவை என்றும் கூறுகின்றன.

இவை குறைந்தபட்சத் தரநெறிகள், தரமதிப்பீடு அல்ல. கணக்குத் தொடங்குவதற்குரிய ஆவணங்கள் ஒருவரிடம் இருப்பது வேறு, அவருடைய கடன் மதிப்பெண் உயர்ந்திருப்பது வேறு. முன்னது வாயிலைத் திறக்கும். பின்னதே நம்பிக்கையைத் தரும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. பணியாளர் எத்தனை பேர் எனக் கேட்பதோடு நில்லாமல், எந்நேரம் முதல் எந்நேரம் வரை இருப்பர் என்றும் கேட்க வேண்டும்.

2. உணவு வேளையிலோ உறங்கும் வேளையிலோ நேரில் சென்று தலைகளை எண்ண வேண்டும். அவ்வேளைக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அதுவே விடையாகும்.

3. அருகில் திறந்த சாக்கடையோ குழியோ உள்ளதா, கழிப்பறை தூய்மையாக உள்ளதா, குழந்தையை அழைத்துச் செல்ல வருபவரை எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என ஆராய வேண்டும்.

4. பணியாளர் அடிக்கடி மாறுகின்றனரா என, அங்குள்ள பிற பெற்றோரிடம் விசாரிக்க வேண்டும்.

எங்கள் சக அலுவலர் குழந்தையை வேறு காப்பகத்தில் சேர்த்தார். அங்குச் சுவரில் ஓவியம் இல்லை. ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கு இருவர், நாள் முழுவதும் இருக்கின்றனர். மாதக் கட்டணம் முன்னதைவிடச் சற்றுக் கூடுதல். குடும்பத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் அத்தொகையை முதல் வரியிலேயே எழுதிவிட்டதாக அவர் கூறினார். சரியான இடம் அதுவே என்று நாங்களும் கருதுகிறோம்.