மாமியார் திருந்த இரண்டு வாரம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் பாதியில் போய் வசனம் எழுத உட்கார்ந்திருக்கிறாய். முந்நூறு எபிசோடாக மருமகளை வாட்டி எடுத்த மாமியாரை இரண்டே வாரத்தில் நல்லவளாக்கிக் கொடு என்று சேனலில் கேட்டிருக்கிறார்கள். எழுதலாமா, கூடாதா என்று கேட்கிறாய்.

எழுதலாம். ஆனால் அவள் ஏன் மாறினாள் என்பதற்கான விடை அந்த முந்நூறு எபிசோடுக்குள்ளேயே இருக்க வேண்டும். மாமியாருக்கு விபத்து, மருமகள் ரத்தம் கொடுக்கிறாள், கண் விழித்ததும் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுகிறாள் என்ற சீனைத் தயவுசெய்து எழுதாதே. நமக்கு அது எத்தனையோ முறை கை கொடுத்துவிட்டது. பார்க்கிறவர்களும் இதைத்தான் செய்வார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

சினிமாக்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம்தான். நம்மிடம் வருடங்கள் இருக்கின்றன. 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கும் மேல். அதன் நாயகி அபி முதன்முதலில் திரைக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, தொடர் முடிந்தபோது ஏழாம் வகுப்புக்கு வந்திருக்கும். அந்த வீட்டில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் நடந்திருக்கும். அப்படி வாழ்ந்து வந்தவர்கள் முன்னால் நம் பாத்திரம் மட்டும் எதுவுமே தன்மேல் படாத மாதிரி நின்றால் நம்ப மாட்டார்கள். ஒரே ராத்திரியில் ஆள் மாறினாலும் நம்ப மாட்டார்கள்.

உனக்கு ஒரு பழைய அமெரிக்கத் தொடரைச் சொல்கிறேன், தேடிப் பார். பெயர் 'மேஷ்'. கொரியப் போர்க்களத்தை ஒட்டிய ராணுவ மருத்துவமனைதான் களம். 1972 முதல் 1983 வரை 251 எபிசோடுகள். நிஜப் போர் நடந்தது மூன்று வருடம், தொடர் ஓடியது பதினொரு வருடம். அதில் தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹன், நடித்தவர் லொரெட்டா ஸ்விட். ஆரம்பத்தில் அவள் வெறும் கேலிப்பொருள். விதிமுறை, விறைப்பு, சல்யூட் என்று அலைவாள். கல்யாணமான டாக்டர் ஃப்ராங்க் பர்ன்ஸோடு ரகசிய உறவு. 'ஹாட் லிப்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்து எல்லோரும் சிரிப்பார்கள்.

ஐந்தாவது சீசனில் நர்ஸுகளைப் பற்றி ஒரு எபிசோடு வருகிறது. தன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்த நர்ஸுகளை மார்கரெட் வறுத்தெடுக்கிறாள். திட்டிக்கொண்டே வந்தவள் எங்கோ ஒரு இடத்தில் உடைந்துபோகிறாள். ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் காபி குடிக்கச் சொன்னீர்களா என்று கேட்கிறாள். நீங்கள் வருவீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை என்கிறாள் ஒருத்தி. நினைத்தது தப்பு என்கிறாள் இவள். அவ்வளவுதான் சீன். அதைப் பார்த்தவர்களுக்கு முந்தைய நான்கு வருடங்களும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். அந்த விறைப்பு அப்படியே இருக்கிறது, குரலில்கூட மாற்றமில்லை. இத்தனை நாள் அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எழுதியவர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள், தனிமை கிடைத்திருக்கிறது. பிறகு கல்யாணம், விவாகரத்து என்று அவள் வளர்ந்துகொண்டே போனாள். பட்டப்பெயரும் மெல்ல மெல்ல உதிர்ந்தது. தொடரின் முதல் எபிசோடிலும் கடைசி எபிசோடிலும் இருந்த நடிகர்கள் இரண்டே பேர். அவர்களில் லொரெட்டா ஸ்விட் ஒருவர்.

ஃப்ராங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் நாள் எப்படிக் கோழையும் கோள்மூட்டியுமாக வந்தாரோ அப்படியேதான் கடைசிவரை. நடித்த லாரி லின்வில் ஐந்தாவது சீசனோடு விலகிக்கொண்டார், இந்தப் பாத்திரத்தில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நல்ல நடிகர். எழுதியவர்கள் அவரைக் கைவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மார்கரெட்டுக்குச் செய்ததை நம் ஊரில் அழகாகச் செய்த தொடர் 'எதிர்நீச்சல்'. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் உட்கார வைத்த வீடு அது. அந்த மருமகள்களில் நந்தினியைக் கவனித்திருக்கிறாயா? வாய்த்துடுக்கு அவளுக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் அடுப்படியில், ஓரகத்திகளோடு, யார் காதிலும் விழாமல். போகப்போக அதே நக்கல் கூடத்துக்கு வருகிறது, கணவன் முகத்துக்கு நேராகவே வருகிறது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இருபதடி இருக்குமா? அந்த இருபதடியை அவள் கடக்க எத்தனை எபிசோடு ஆயிற்று என்று பார். அந்தப் பொறுமைக்காகவே இயக்குநர் திருச்செல்வத்தையும் அவருடைய எழுத்துக் குழுவையும் நான் மதிக்கிறேன்.

அதே தொடரில்தான் நம் தொழிலின் பெரிய சோதனையும் வந்தது. 2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து காலமானார். ஆதி குணசேகரன் என்ற ஆணாதிக்கக்காரனை வீட்டுக்கு வீடு பேசவைத்த மனிதர். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். மாரிமுத்துவின் குணசேகரன் சிரித்துக்கொண்டே மட்டம் தட்டுவார். வேல ராமமூர்த்தியின் கண்ணே வேறு, உடம்பே வேறு. 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டால் முகம்தான் மாறும், போனவரின் வசனத்தை வந்தவர் வாயில் திணிக்க முடியாது. உன் தொடரிலும் என்றைக்காவது கால்ஷீட் பிரச்சினை, சம்பளப் பிரச்சினை, சினிமா வாய்ப்பு என்று ஆள் மாறும். அப்போது புது நடிகரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் பேனாவை எடு. அவர் எப்படி மூச்சு விடுகிறார், எந்த வார்த்தையில் நிறுத்துகிறார் என்று பார்த்துக்கொள்.

டிஆர்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நம்பர் வரும், வெள்ளிக்கிழமை ட்ராக் மாறும். அதை நீயோ நானோ தடுக்க முடியாது. ட்ராக் மாறட்டும். ஆனால் நேற்று தாலியைக் கழற்றி வைத்தவள் இன்று அதை மறந்துபோய்ப் பேசக்கூடாது. அந்த ஞாபகத்தைக் காப்பாற்றுவது வசனம் எழுதுகிறவர் கையில்தான் இருக்கிறது. திரைக்கதைக்காரர் மாறுவார், இயக்குநர் மாறுவார், சேனலில் ஆள் மாறுவார். யாருக்கும் நினைவில்லாததை நீ நினைவில் வைத்திரு. பாத்திரத்துக்கு ஒரு நோட்டுப் போடு. இவள் எதை இழந்தாள், யாரிடம் பொய் சொன்னாள், யார் முன்னால் மட்டும் அழுவாள், எதை இனிச் செய்யவே மாட்டாள். கதைச்சுருக்கம் வேண்டாம், இவை போதும்.

இனி உன் மாமியார். அவளுக்கு மருமகளின் சமையலில் குறை சொல்லும் பழக்கம் உண்டு என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துவிடாதே. திருந்திய பிறகும் சாம்பாரில் உப்புக் குறைவு என்றே சொல்லட்டும். ஒருநாள் சம்பந்தி வீட்டுக்காரி வந்து அதே சாம்பாரைக் குறை சொல்லட்டும். மாமியார் சட்டென்று, "எங்க வீட்ல இப்படித்தான் சாப்பிடுவோம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ளட்டும். மருமகள் அதைக் கேட்கட்டும், ஒன்றும் பேச வேண்டாம். பின்னணி இசையையும் குறைக்கச் சொல்லி இயக்குநரிடம் கேட்டுப் பார். இரண்டு வாரத்துக்கு இந்த ஒரு படி போதும். மீதிக்கு இரண்டு மாதம் கேள். கொடுக்க மாட்டார்கள் என்று நீயே முடிவு செய்துவிடாதே. காரணத்தோடு கேட்கிறவர்களுக்குச் சேனலிலும் காது கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த சீன் பேப்பரை எழுதுவதற்கு முன் உன் தொடரின் முதல் இருபத்தைந்து எபிசோடுகளையும் வரிசையாக உட்கார்ந்து பார். அந்த மாமியார் முதன்முதலில் எதற்காகக் கோபப்பட்டாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்