பெங்களூரு வீட்டுக்கு எந்தப் பூச்செடி?

லால்பாக்கில் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மலர்க் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் நர்சரிகளை நோக்கி ஒரு கூட்டம் கிளம்புகிறது. முதன்முதலாகச் செடி வளர்க்கப் போகும் மாணவர்கள் அதில் நிறைய. கண்காட்சியில் மயக்கியதையோ, பூஜைக்கு வேண்டுமென்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையோ வாங்கிவிடுகிறார்கள். பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, குழாயில் வருவது காவிரித் தண்ணீரா போர்வெல்லா என்று யோசிப்பவர்கள் குறைவு. ஆண்டு முழுதும் இலை உதிராமல் நின்று பூக்கும் புதர்ச்செடிக்கு இந்த இரண்டு கேள்விகள்தான் ஆதாரம்.

நல்ல வெயில் இருந்தால் செம்பருத்தியும் காகிதப்பூவும் போதும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும், கவனிக்க வேண்டும். அரை நிழலுக்கு நந்தியாவட்டை. அரளி வறட்சியைத் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது இட்லிப்பூ. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான இந்த வெட்சிக்கு நம் வெயில் புதிதல்ல.

எச்சரிக்க வேண்டியது அசேலியாவைப் பற்றி. ஊட்டியில் அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்தவர்கள், பெங்களூரும் குளிர்ந்த ஊர்தானே என்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். பெங்களூரு 920 மீட்டர்தான். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில்கூட இங்கே இரவின் சராசரி வெப்பம் 15 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஏப்ரல் பகலோ 35 டிகிரியைத் தொடுகிறது. அசேலியாவின் மொட்டு நன்றாக விரியச் சில வாரக் குளிர் வேண்டும். அதன் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால் ஒருநாள் காய்ந்தாலும் கெடும், தண்ணீர் தேங்கினாலும் அழுகும். அமில மண்ணில் வாழும் செடிக்கு காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும்.

கண்காட்சியில் பூத்திருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே வைப்பது தேர்ந்த கைகள் அந்த நாளுக்கென்று வளர்த்த தொட்டிகளை. இட்லிப்பூவுக்கும் அமில மண்தானே பிடிக்கும் என்றால், உண்மைதான். அதன் இலையும் வெளுக்கும். ஆனால் வெயிலைத் தாங்கி நிற்கும் அந்தச் செடி, மட்கிய உரமும் மழைநீரும் கிடைத்தால் தேறிவிடும். அசேலியாவை வெயிலும் சேர்த்தே வாட்டுகிறது. மழைநீர் சேமித்து, நிழல்வலை கட்டி, தினமும் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் அதையும் முயலலாம். முதல் செடியாக மட்டும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் இடத்தின் இயல்பும் நம் இயல்பும் அதற்குப் பொருந்த வேண்டும். வாங்கிய செடி வேர்பிடிக்க ஓராண்டாவது பொறுங்கள். பிறர் வீட்டுப் பூவைப் பார்த்து ஆசைப்படும் முன், உங்கள் வீட்டு வெயிலை ஒரு வாரம் பாருங்கள்.